பீரோவின் நாலாவது கால்

லேமினேட் பலகையைத் தரையில் விரிப்பதற்கு முன்னால் இரண்டு நாள் அதே அறையில் படுக்க வைக்க வேண்டும். அந்த அறையின் சூடும் ஈரமும் பலகைக்குப் பழக வேண்டும். பழகாமல் போட்டால் பிறகு விரிந்து நடுவில் தூக்கிக்கொள்ளும். வில்லியனூர்க் கடையிலிருந்து பாகூரில் இருந்த அந்த வீட்டுக்குக் கட்டுகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து வேலையை ஆரம்பிக்கிறோம் என்று சொன்னபோது, அந்த வீட்டு அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு நாளு எதுக்கு? நல்ல பலகைய எடுத்துக்கினு வேற பலகைய வெக்கறதுக்கா?"

என்னோடு வேலை செய்பவர் என் அக்காவின் கணவர். நன்றாகப் பேசுவார். "நாங்க இன்னாத்துக்கும்மா மாத்தப்போறோம்? நீங்களே உள்ள வெச்சு பூட்டிக்குங்க" என்றார்.

அந்த அம்மா நிஜமாகவே பூட்டினார். பூட்டுவதற்கு முன்னால் கட்டுகளை விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்ததும் என்னைத்தான் பார்த்தார், மாமாவைப் பார்க்கவில்லை. எனக்கு அது பழக்கம்தான். புது ஆட்களின் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச வராது. தலை தானாகக் கீழே போய்விடும். தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறவனைப் பார்த்தால் எதையோ மறைக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கே மற்றவர்களைப் பார்த்து அப்படித் தோன்றியிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் நாங்கள் போனபோது அந்த அம்மா அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். வீட்டில் அவரும் மருமகளும் மட்டும்தான். மகன் குவைத்தில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் லீவில் வருகிறார். அங்கே அவர் வேலை செய்கிற இடத்தில் இந்த மாதிரித் தரை போட்டிருக்கிறார்களாம். தன்னுடைய அறைக்கும் அதே வேண்டும், சுவருக்குச் சுவர் வேண்டும் என்று போனில் கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் இஷ்டம் இல்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அறை முழுக்கச் சாமான்கள். கட்டில், டிரெஸ்ஸிங் டேபிள், தையல் மெஷின், டிவி ஸ்டாண்டு, தென்மேற்கு மூலையில் கண்ணாடி வைத்த பச்சை இரும்பு பீரோ. காலியான வீட்டில் தரை போடுவது சுலபம். ஆள் குடியிருக்கிற அறை என்றால் நாங்கள் பாதிப் பாதியாகச் செய்வோம். எல்லாச் சாமானையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறு பக்கத்தை முடிப்போம். பிறகு முடித்த பக்கத்தின்மேல் சாமானை ஏற்றிவிட்டு மிச்சத்தைப் போடுவோம். அறையை விட்டு எதுவும் வெளியே போக வேண்டியதில்லை.

டேப்பைப் பிடித்து அளந்துகொண்டே பீரோ பக்கம் போனேன். அதன் வலது பக்கத் தகட்டில், முழங்கால் உயரத்தில், அடிபட்ட பள்ளம் ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு. நான் டேப்பை விட்டுவிட்டேன். அது ஓசையோடு சுருண்டு உள்ளே போயிற்று.

அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். அது என் கையால் விழுந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வில்லியனூரில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்குச் சாமான் இறக்கப் போவேன். எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். இந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. அப்போது மாடி இல்லை, முன்னால் இந்தக் கிரில் கேட் இல்லை. பீரோவைப் பார்த்த பிறகுதான் வாசற்காலின் அகலம், ஜன்னல், எல்லாம் ஞாபகம் வந்தது. கல்யாணப் பெண்ணின் சீராக வந்த பீரோ அது. அறை வாசலில் திருப்பும்போது என் கை நழுவி, பீரோ நிலைக்காலில் இடித்தது. யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது அந்த அம்மா கவனித்துவிட்டார். "இன்னா பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்க."

"அடிபட்டதுதான். புதுசாவே அப்புடித்தான் வந்துச்சு. மடுகரைக்காரங்க குடுத்த சீரு. சொத்தைய பாத்து வாங்கி எங்க தலையில கட்டிட்டாங்க."

மடுகரை மருமகளின் ஊர். அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயது சொல்லலாம். அதைப் பல தடவை கேட்டுக் கேட்டுப் பழகிப்போன முகம். நான் ஒரு கட்டைப் பிரித்து பலகைகளை அடுக்க ஆரம்பித்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அறைக்கு உள்ளேயே வந்துவிடும் என்று தோன்றியது.

கிழக்குப் பாதியில் முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஃபோம், அதன்மேல் பலகை. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் பள்ளமும் நாக்கும் இருக்கும். சாய்த்து நுழைத்துப் படுக்க வைத்தால் பூட்டிக்கொள்ளும். சுவர் ஓரம் மட்டும் விரல் கனத்துக்கு இடைவெளி விட்டு ஆப்பு வைப்போம். மழைக்காலத்தில் பலகை விரிய இடம் வேண்டும்.

"அங்க ஏன் சந்து வுடற?" என்றார் அந்த அம்மா.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சொன்னார். "பலகை மூச்சு வுடணும்மா."

"செத்த மரம் மூச்சு வுடுமா?"

"மரமே இல்லீங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. "மரத்தூள அழுத்தி, மேல படம் ஒட்டினது."

மாமா என் காலை மிதித்தார். அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பலகையை விரல் கணுவால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தான் எம்புள்ள மரத்தரைன்னு சொன்னானா" என்றார். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேரையுமே விடவில்லை. வெட்டின துண்டுகளை எங்கே வைக்கிறோம் என்று பார்த்தார். மாமா பீடி குடிக்க வெளியே போனால் பையைப் பார்த்தார்.

பத்து மணிக்கு மருமகள் டீ கொண்டு வந்தார். கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, பீரோவ நகத்தாம முடிக்க முடியாதா? அத சுத்தி மட்டும் போட்டுடுங்களேன்."

"சொவுத்துக்கு சொவுரு கேட்டிருக்காருங்க" என்று டம்ளரிடம் சொன்னேன்.

அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மாமியாரும் வந்து அதையே சொன்னார். "பீரோவ தொடாத. அவுரு கையால சூடம் ஏத்தி வெச்ச எடம். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நவுத்துனது இல்ல." அவுரு என்று அவர் சொன்னது இறந்துபோன கணவரை.

காலையிலிருந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே விஷயத்தை வேண்டாம் என்கிறார்கள். பீரோவுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று நான் நினைத்தேன். நகையாக இருக்கலாம், பத்திரமாக இருக்கலாம். மாமியார் மருமகளுக்குத் தெரியாமல் வைத்ததா, மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் வைத்ததா என்றுகூட யோசித்தேன். பிறர் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று வருத்தப்படுகிற நான், ரப்பர் சுத்தியால் பலகையைத் தட்டிக்கொண்டே இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குவைத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். "பீரோவ நவுத்தித்தான் போடணும், பாதியில வுட்டா அசிங்கமா கீதும்மா" என்று மகன் சொன்னதை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். மாமியார் சரி என்றார். ஆனால் பீரோவைக் காலி செய்யும்போது பக்கத்திலேயே நின்றார். மருமகள் புடவைகளைக் கட்டு கட்டாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். பட்டுப்புடவைகள், ஒரு சர்ட்டிபிகேட் ஃபைல், சாவிக்கொத்து. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிழக்குப் பாதி முடிந்திருந்தது. அதன்மேல் பழைய ஜமுக்காளத்தை விரித்தோம். பீரோவின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, ஜமுக்காளத்தை அடியில் தள்ளி, இரண்டு பேருமாக இழுத்தோம். கீறல் விழாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பீரோ நின்ற இடத்தில் ஒன்பது வருடத் தூசி சதுரமாக இருந்தது. அந்தத் தூசிச் சதுரத்தின் ஒரு மூலையில், பின்பக்க இடது கால் நின்ற இடத்தில், மடித்த ஒரு செம்புத் தகடு இருந்தது.

அது என்ன என்று நான் யோசிப்பதற்குள் மாமா ஓரடி பின்னால் போனார்.

"மச்சான், தொடாத. தகடு."

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் செய்வினை என்று நினைக்க அந்த ஒரு வார்த்தை போதும். மாமியார் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சத்தம் போடவில்லை. சமையலறைக்குப் போய் முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்து வந்தார். கையால் தொடாமல் துடைப்பத்தால் அதை முறத்தில் தள்ளி, வெளிச்சத்துக்குக் கொண்டு போய், ஒரு குச்சியால் மடிப்பைப் பிரித்தார். உள்ளே கூரான எதனாலோ கீறிய கட்டங்கள் இருந்தன. கட்டத்துக்குள் கட்டம். ஒவ்வொன்றிலும் எண்கள்.

"கட்டம் போட்டு எழுதி கீறான் பாரு" என்றார். "எண்ணுக்கு நடுவுலகூட கோடு கிழிச்சு வெச்சு கீறான்."

மாமா சும்மா இருந்திருக்கலாம். "கடலூர் பக்கம் ஒரு வூட்டுல இதே மாரிதான்மா, கட்டில் காலுக்கு அடியில..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

மாமியார் மருமகளைப் பார்த்தார். "பீரோ எங்கிருந்து வந்துச்சு?"

"அத்த, எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் கேட்டது அதில்ல. எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கம்மா வூட்டுலேந்து."

"வந்த வருசமே அவுரு போயிட்டாரு. நல்லா நடமாடிக்கினு இருந்த மனுசன். அதுக்கடுத்த வருசம் போருல தண்ணி வத்திச்சு. எம்புள்ள ஊர வுட்டே போயிட்டான். நான் பைத்தியக்காரி மாரி கோயில் கோயிலா சுத்திக்கினு இருந்தேன். வூட்டுக்குள்ளயே வெச்சு கீறாங்க."

"எங்கம்மா அப்புடிப்பட்டவங்க இல்ல அத்த."

"அப்ப ஏன் காலையில பீரோவ நவுத்தாதன்னு அந்த ஆள்கிட்ட சொன்ன? காதுல வுழுந்துச்சு."

"இன்னொரு அடி பட்டா அதுவும் எங்கம்மா வூட்டு மேலதான் வரும்னு சொன்னேன்."

அந்தப் பதில் என் மேல் வந்து விழுந்தது. மாமியார் காதில் அது ஏறவே இல்லை. மறுபடியும் குவைத்துக்குப் போன் போட்டார். இந்தத் தடவை வீடியோவில் முறத்தைக் காட்டினார். மகன் முறத்தைக் கிட்டே காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா" என்றார். அதற்கும் பிறகு, "சரி, நீ அழுவாத. நான் வர்ற வரிக்கும் அவ மடுகரையில இருக்கட்டும். வந்து பேசிக்கலாம்" என்றார்.

மருமகள் அழவில்லை. கட்டிலருகே போய், பீரோவிலிருந்து எடுத்து வைத்த புடவைகளில் நாலைந்தைத் தனியாக எடுத்து மடித்தார். சர்ட்டிபிகேட் ஃபைலையும் அதன்மேல் வைத்தார். பிறகு மேலே பார்த்தார். ஜன்னலுக்கு மேலே சிமெண்ட் ஸ்லாபில் ஒரு ரெக்ஸின் பை இருந்தது. அவருக்கு எட்டாது. நான் கொஞ்சம் உயரம்.

"அண்ணே, அந்தப் பையை எடுத்துக் குடுங்க."

நான் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முறம் நாற்காலிமேல் இருந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். கட்டங்களுக்குள் 17, 47, 71. ஏழு வந்த இடத்தில் எல்லாம் அதன் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு.

சேதராப்பட்டுக் கம்பெனியில் கரண்டு போர்டுக்கு உள்ளே வைக்கிற செம்புப் பட்டைகளைச் செய்தோம். தகட்டில் கோடு கீறி, அளவு எழுதி, வெட்டுகிற ஆளுக்குக் கொடுப்பதுதான் என் வேலை. ஐந்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் எண் எழுத வரும். எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடச் சொன்னார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தார்களாம். ஒன்றையும் ஏழையும் குழப்பக் கூடாது என்பதற்காக அந்தக் கோடு. எனக்கு அது கையில் ஒட்டிக்கொண்டது. தப்பாகக் கீறிய துண்டுகள் கழிவுத் தொட்டிக்குப் போகும். செம்பு துருப்பிடிக்காது, மக்காது. ஆடுகிற பீரோ காலுக்கு அடியில் வைக்க அதைப்போல ஒன்று கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக இரண்டு மூன்று துண்டுகளைச் செருப்புக்குள் வைத்துக் கேட்டைத் தாண்டியிருக்கிறேன். கழிவுதான். ஆனாலும் கேட்டு எடுத்ததில்லை. எத்தனையோ வீட்டுப் பீரோக்களுக்கு அப்படி வைத்ததில் இந்த வீட்டில் வைத்தது ஞாபகத்தில் இல்லை.

இதைச் சொல்ல வேண்டும் என்று உடனே தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. காலையிலிருந்து என்னைத் திருடனைப் போலப் பார்க்கிற ஓர் அம்மாவிடம், இந்தத் தகட்டை வைத்தவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். திருடிக் கொண்டுவந்த செம்பு என்றும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் கழித்து அதே வீட்டுக்குள் நான் வந்து நிற்பதை யார் தற்செயல் என்று நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

"அண்ணே, பை."

கை நீட்டிப் பையை எடுத்தேன். தூசியாக இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அது நான் வெச்சதுங்க."

"எது?" என்றார் மாமியார்.

"அந்தத் தகடு. பீரோ எறக்க வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். நான்தான் கால்ல வெச்சேன்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "டேய் மச்சான், உனக்கு இன்னா ஆச்சு? வாய மூடிக்கினு வேலையப் பாரு."

மாமியார் என் எதிரே வந்து நின்றார். "யாரு சொல்லி வெச்ச?"

"யாரும் சொல்லலீங்க. பீரோ ஆடிச்சு."

"மடுகரைக்காரங்க எவ்ளோ குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கலீங்க."

"அப்ப இப்ப எதுக்கு வந்த? வெச்சது இருக்குதான்னு பாக்க வந்தியா?"

வாயால் இதற்கு மேல் முடியாது என்று தெரிந்தது. வெட்டி வைத்திருந்த பலகை ஒன்றை எடுத்துத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். நான் ஒவ்வொரு பலகையின் பின்பக்கத்திலும் பென்சிலால் அளவை எழுதுவேன். அதில் 77 என்று எழுதியிருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார், ஆனால் பார்த்ததில் ஏதும் பிடிபடவில்லை. மருமகள்தான் குனிந்து முறத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி முறத்தைப் பார்த்தார்.

"அத்த, இந்த ஏழப் பாருங்க. ஒரே கை."

"அதான் அவனே சொல்றானே, நான்தான் வெச்சேன்னு. எழுதினவன்தான மந்திரவாதி?"

மாமா அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார். "இவனா? இவன் பஸ்ஸுல டிக்கெட் கேக்கறதுக்கே என்னப் பாப்பான்மா."

நான் ரசமட்டத்தை எடுத்து, பீரோ நின்ற மூலையில் டைல்ஸ்மேல் வைத்தேன். குமிழி ஒரு பக்கம் ஓடியது. அந்த மூலையில் தரை தாழ்வு. மாமாவைக் கூப்பிட்டேன். காலி பீரோவை இரண்டு பேரும் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். கதவைச் சாத்திவிட்டுக் கையை எடுத்தேன். கதவு மெதுவாகத் தானே திறந்துகொண்டது. மறுபடி சாத்தினேன். மறுபடி திறந்தது.

தகட்டைத் தொட அந்த அம்மா விட மாட்டார் என்பதால், பலகை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதே கனத்துக்கு மடித்தேன். மாமா பீரோவைத் தூக்கிப் பிடிக்க, இடது பின்காலுக்கு அடியில் அட்டையைத் தள்ளினேன். கதவைச் சாத்தினேன். அப்படியே நின்றது.

"எடு அத" என்றார் மாமியார். எடுத்தேன். கதவு திறந்துகொண்டது. "வெய்யி." வைத்தேன். அவரே வந்து சாத்தினார், நின்றது. இதை மூன்று தடவை செய்யச் சொன்னார். மூன்றாவது தடவை சாத்திய கதவின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே நின்றார்.

"அன்னிக்கு சூடம் ஏத்தறப்ப இந்தக் கதவு தொறந்துக்கினே இருந்துச்சு" என்றார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, கண்ணாடியிடம் சொன்னார். "நல்ல நேரம் போவுதுன்னு நான் கத்துறேன். அவுருதான் சொன்னாரு, ஏம்பா, கால்ல எதுனா வெச்சு நிறுத்துப்பான்னு."

"ஆமாங்க."

"ஒருத்தன் குனிஞ்சு வெச்சான். கடைசி வரிக்கும் தலையத் தூக்கல. காப்பி குடுத்தேன், அதயும் கீழ பாத்துக்கினேதான் குடிச்சான்." அவர் திரும்பி என் தலையைப் பார்த்தார். முகத்தை இல்லை, உச்சியை. அதைத்தான் அவர் அன்றும் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பை இன்னும் என் கையில் இருந்தது. அதை மேலே ஸ்லாபிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சொன்னேன். "அந்த அடியும் நான்தாங்க. வாசக்கால்ல இடிச்சுட்டேன். கடையிலேந்து வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

மருமகள் பீரோவின் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்போது வருசம் அண்ணே" என்றார். "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

பயந்தேன் என்று சொல்லலாம். ஆனால் எதற்குப் பயந்தேனோ அது இன்று காலை எனக்கு நடந்த அளவுதான். அந்தப் பெண்ணுக்கு அது ஒன்பது வருடம் நடந்திருக்கிறது.

"போன் போடுங்க அத்த" என்றார் அவர். குரல் உயரவில்லை. ஆனால் கேட்டுக்கொள்கிற குரலும் இல்லை. மாமியார் போட்டார். மருமகள் போனை வாங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். குவைத்தில் இருக்கிற முகம் தெரியாத ஓர் ஆளிடம் நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பாதியில் நிறுத்தியபோது மருமகள், "செருப்புல வெச்சு எடுத்தாந்ததையும் சொல்லுங்க" என்றார். அதை, பீரோவைத் தூக்கும்போது மாமாவிடம் மட்டும் முனகியிருந்தேன். மருமகள் காதிலும் விழுந்திருக்கிறது. மகன் கடைசியில், "சரிண்ணே. தரைய முடிச்சுட்டுப் போங்க" என்றார். பிறகு மனைவியிடம் ஏதோ சொல்ல வந்தார். அவர் போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் புடவைகளை மறுபடி அடுக்கப் போய்விட்டார்.

பிற்பகலில் மேற்குப் பாதியை முடித்தோம். நாற்காலி வாசலில் அப்படியே இருந்தது, அந்த அம்மாவும் அதில் இருந்தார். கடைசி வரிசைப் பலகையை நீளவாக்கில் அறுத்து, இரும்புக் கொக்கியால் இழுத்துப் பூட்டினோம். ஓரத்துச் சந்தை மறைக்க ஸ்கர்ட்டிங் ஒட்டினோம். மூலைத் தாழ்வில் சீக்கிரம் காய்கிற சமப்படுத்தும் பொடியைக் கலந்து ஊற்றிக் காயவைத்துத்தான் பலகை போட்டிருந்தேன். ஆனாலும் பீரோவைத் திருப்பி வைத்தபோது மயிரிழை ஆட்டம் இருந்தது. கதவு திறந்துகொள்ளவில்லை, நடுங்கியது.

வெட்டிப்போட்ட லேமினேட் துண்டு ஒன்றை எடுத்தேன். காலுக்கு அடியில் வைக்கக் குனிந்தபோது, "இங்க குடு" என்றார் அந்த அம்மா.

கொடுத்தேன். மேல்பக்கம் பார்த்தார், திருப்பினார். பின்பக்கத்தில் என் பென்சில் எண் பாதி இருந்தது. எச்சில் தொட்டு, புடவைத் தலைப்பால் அதை அழுத்தித் தேய்த்தார். சுத்தமாகப் போகிற வரைக்கும் தேய்த்தார். வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் திருப்பிக் கொடுத்தார். நான் வைத்தேன். கதவு நடுக்கம் நின்றது.

கிளம்பும்போது சொல்ல வேண்டியதை மாமா சொன்னார். "அம்மா, ஈரத்துணியால தொடைக்கலாம். பக்கெட்டுல தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது. உப்பிக்கும்."

"வெள்ளிக்கெழம கழுவக் கூடாதா?"

"எந்தக் கெழமையும் கூடாதும்மா."

அவர் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கும் வேற எதுனா காரணம் கீதா?" என்றார். மாமா வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்து அவர் சும்மா இருந்தது அந்த ஒரு தடவைதான்.

சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மருமகள் பின்னால் கூப்பிட்டார். மறுபடி அறைக்குள் போனேன். பீரோ நிறைந்திருந்தது. நடு லாக்கரைத் திறந்து வைத்திருந்தார். ஒரு கைக்குட்டையில் அந்தச் செம்புத் துண்டு இருந்தது. மாமியார் அதை ஏரியில் வீசச் சொன்னாராம். இவர் வீசவில்லை.

"ஒங்க போன் நம்பர எழுதிக் குடுங்க" என்று ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"கடையில கீதுங்க, கேட்டா குடுப்பாங்க."

"நீங்க எழுதுங்க."

எழுதினேன். என் நம்பரில் இரண்டு ஏழு வரும். அவர் தாளை வாங்கி, கைக்குட்டையில் இருந்த தகட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஏழாக ஒத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் ஒன்றாக மடித்து லாக்கரில், சர்ட்டிபிகேட் ஃபைலுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, லாக்கரின் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.